முயல் வளர்ப்பில் ஆணும் பெண்ணும்: காரைக்கால் பகுதிக்கேற்ற கூண்டு முறை

காவிரியின் கடைமடையில், கடலை ஒட்டி அமைந்திருப்பது காரைக்கால் பகுதி. இங்குச் சம்பா அறுவடை முடிந்து, வயலில் உளுந்தும் பயறும் எடுத்துவிட்டால், ஆற்றில் மீண்டும் தண்ணீர் வரும் வரை சிறு உழவர்களுக்கு வயல் வேலை குறைவு. ஆடு மாடு வைக்க இடமில்லாதவர்களும் வீட்டின் பின்புறம் கிடைக்கும் சிறிதளவு நிழலில் முயல் வளர்க்கலாம். வரப்பில் அறுக்கும் அருகம்புல்லும், வேலியில் நிற்கும் அகத்தியும், களத்தில் மிஞ்சும் உளுந்துச் செடியும் அதற்குத் தீவனமாகும். வீட்டிலுள்ள பெண்களும் முதியவர்களும் எளிதில் கவனித்துக்கொள்ளக்கூடிய தொழில் இது.

ஆயினும் முயல் வாங்கிய பலர் ஓர் ஆண்டுக்குள் கூண்டைக் காலி செய்துவிடுகிறார்கள். காரணம் கேட்டால் மூன்றில் ஒன்றைச் சொல்வார்கள். "பெண் முயல் சினை பிடிக்கவில்லை" என்பார்கள். "ஈன்ற குட்டிகளெல்லாம் செத்துப்போயின" என்பார்கள். அல்லது "ஒன்றையொன்று கடித்துக் குதறிக்கொண்டன" என்பார்கள். நோயால் வரும் இழப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இம்மூன்றும் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து தொடங்குகின்றன. ஆண் முயலையும் பெண் முயலையும் எங்கே வைப்பது, எப்போது சேர்ப்பது, எப்போது பிரிப்பது என்பது தெரியாமையே அது. இத்துடன் நம் பகுதியின் கோடை வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரே கூண்டில் ஏன் வைக்கக்கூடாது?

கோழியையும் ஆட்டையும் வளர்த்துப் பழகிய நமக்கு, ஓர் ஆணையும் சில பெண்களையும் ஒன்றாக விட்டுவைப்பது இயல்பாகத் தோன்றும். முயலுக்கு அது பொருந்தாது.

நாம் வளர்க்கும் வெள்ளை முயலின் முன்னோர் ஐரோப்பாவின் தென்மேற்கில், ஸ்பெயின் நாட்டுப் பகுதியில், மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்ந்த முயல்கள். காட்டில் அவை கூட்டமாக இருந்தாலும், குட்டி ஈனும் பெண் முயல் தனக்கென்று ஒரு வளையைத் தனியே தோண்டிக்கொள்வதுண்டு. அதில் புல்லையும் தன் உரோமத்தையும் பரப்பிக் குட்டிகளை ஈன்று, வாயிலை மண்ணால் மூடிவிட்டுப் போய்விடும். நாளுக்கு ஒருமுறை மட்டும் வந்து சில நிமிடங்கள் பால் கொடுத்துவிட்டு மறுபடியும் மூடிவிடும். குட்டிகளின் பாதுகாப்பு இந்தத் தனிமையில்தான் இருக்கிறது. கூண்டில் வளரும் முயலுக்கும் இந்தக் குணம் மாறவில்லை. ஈனும் நேரத்தில் வேறொரு முயல் பக்கத்தில் இருந்தால் தாய் மிரளும். மிரண்ட தாய் பெட்டிக்கு வெளியே ஈன்றுவிடும், குட்டிகளை மிதிக்கும், சில சமயம் கடித்தும் கொல்லும்.

இரண்டாவது காரணம் சினை பிடிக்கும் முறையைச் சார்ந்தது. பசுவைப் போலக் குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வந்து கருமுட்டையை வெளியிடும் வழக்கம் முயலுக்கு இல்லை. ஆணுடன் சேர்ந்த பிறகே, ஏறக்குறைய 10 மணி நேரத்தில், கருமுட்டை வெளிப்படும். குட்டி ஈன்ற மறுநாளே கூடப் பெண் முயல் ஆணை ஏற்றுக்கொள்ளும். ஆண் அதே கூண்டில் இருந்தால், மடியில் குட்டிகளும் வயிற்றில் அடுத்த சினையுமாகத் தாய் இரட்டைச் சுமை சுமக்கும். முதல் ஈற்றுக் குட்டிகளுக்குப் பால் வற்றும். அடுத்த ஈற்றில் குட்டிகள் எண்ணிக்கையிலும் எடையிலும் குறையும். தாய் எலும்பும் தோலுமாகிவிடும்.

மூன்றாவதாக, சேர்ந்தே இருக்கும் முயல்கள் என்றைக்குச் சேர்ந்தன என்பது நமக்குத் தெரியாது. நாள் தெரியாவிட்டால் ஈனும் பெட்டியை எப்போது வைப்பது என்பதும் தெரியாது. வெறும் கம்பிவலை மேல் ஈனப்பட்ட, உரோமமே இல்லாத குட்டிகள் ஐப்பசி, கார்த்திகை மாத ஈரக் காற்றில் ஓர் இரவு தாங்கமாட்டா.

இரண்டு பெண் முயல்களை ஒன்றாக வைப்பதும் நல்லதன்று. ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதாலேயே கருமுட்டை வெளிப்பட்டு, பொய்ச் சினை உண்டாகும். அப்படிப்பட்ட முயல் 16 முதல் 18 நாட்கள் வரை சினை முயலைப் போலவே நடந்துகொள்ளும்; தன் உரோமத்தைப் பிடுங்கிக் கூடு கட்டும். ஆனால் குட்டி இராது. அந்த நாட்களில் அதை ஆணுடன் சேர்த்தும் பயனில்லை. 17ஆம் நாளில் உரோமத்தைப் பிடுங்கும் முயல் பொய்ச் சினை முயல் என்று அறிந்துகொள்ளுங்கள்.

வளர்ந்த இரண்டு ஆண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விதைப்பையைக் கடித்து ஒன்றையொன்று மலடாக்கிவிடும்.

ஆகவே விதி எளியது. வளர்ந்த முயல் ஒன்றுக்கு ஒரு கூண்டு.

எத்தனை முயல், எத்தனை கூண்டு?

முதன்முதலாகத் தொடங்குவோர் 8 பெண் முயல்களும் 2 ஆண் முயல்களும் வைத்துக்கொண்டால் போதும். பொதுவாக 8 முதல் 10 பெண்களுக்கு ஓர் ஆண் போதும் என்பர். ஆனால் நம் பகுதியில் வெயிலால் ஓர் ஆண் பழுதுபட்டாலும் மற்றொன்று கைகொடுக்க வேண்டும் என்பதால் இரண்டு ஆண்கள் இருப்பது நலம். இரண்டும் வெவ்வேறு தாய் வயிற்றுக் குட்டிகளாகவும், பெண் முயல்களுக்கு உறவில்லாதவையாகவும் இருக்கட்டும்.

ஆண் முயலுக்கும் சினையில்லாப் பெண் முயலுக்கும் 2 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள கூண்டு தேவை. குட்டியோடு இருக்கும் தாய்க்கு 3 அடி நீளமும் 2 அடி அகலமும் வேண்டும். தரைக் கம்பிவலையின் கண், புழுக்கை கீழே விழும் அளவுக்குப் பெரிதாகவும், குட்டியின் கால் சிக்காத அளவுக்குச் சிறிதாகவும் இருக்க வேண்டும். அரை அங்குலத்துக்கு ஓர் அங்குலம் என்ற அளவு ஏற்றது. ஒரு மூலையில் சிறு பலகை ஒன்றைப் போட்டுவைத்தால் முயல் அதன்மேல் உட்கார்ந்து பாதப் புண்ணைத் தவிர்த்துக்கொள்ளும்.

கடற்காற்றில் சாதாரணக் கம்பி விரைவில் துருப்பிடித்துவிடும். துருவேறிய முனை காலைக் கிழிக்கும். பற்றவைத்த இடம் விட்டுப்போனால் ஆண் முயல் அடுத்த கூண்டுக்குள் நுழைந்துவிடும். துத்தநாக முலாம் பூசிய வலையையே வாங்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் தொடங்கும் முன், ஒவ்வொரு கூண்டின் தரையையும் கதவுக் கொக்கியையும் கையால் தடவிப் பாருங்கள்.

இரண்டு ஆண் முயல்களின் கூண்டுகளை அடுத்தடுத்து வைக்க வேண்டாம். வைக்க நேர்ந்தால் நடுவே பலகைத் தடுப்பு இருக்கட்டும். ஆண் முயல் சிறுநீரைப் பீய்ச்சும் பழக்கமுடையது. எனவே அதன் கூண்டை ஈனும் கூண்டுகளுக்கு மேல்தட்டிலோ அருகிலோ வைக்கக்கூடாது.

சேர்க்கும் முறை

நியூசிலாந்து வெள்ளை போன்ற இனங்களில் பெண் முயல் 5 முதல் 6 மாத வயதில், ஏறத்தாழ 3 கிலோ எடை அடைந்த பின் சேர்ப்பதற்குத் தகுதி பெறும். ஆணுக்கு 6 முதல் 7 மாதம் ஆக வேண்டும். வயது மட்டும் வந்து எடை வராத பெண் முயலைச் சேர்த்தால் முதல் ஈற்றிலேயே தாயையும் குட்டிகளையும் இழக்க நேரிடலாம்.

எப்போதும் பெண்ணையே ஆணின் கூண்டுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஆணைப் பெண்ணின் கூண்டில் விட்டால், தன் இடத்துக்குள் அயலார் நுழைந்ததாகக் கருதிப் பெண் முயல் பாய்ந்து கடிக்கும். ஆணும் புதிய இடத்தை முகர்ந்து பார்ப்பதிலேயே நேரத்தைக் கழித்துவிடும். தூக்கும்போது காதைப் பிடித்துத் தூக்காதீர்கள். தோள்மீதுள்ள தளர்ந்த தோலை ஒரு கையால் பிடித்து, மறு கையால் பின்புறத்தைத் தாங்குங்கள்.

சேர்க்கும் முன் பெண்ணின் பிறப்புறுப்பைப் பாருங்கள். வெளிறி உலர்ந்திருந்தால் இன்று வேண்டாம். சிவந்து, சற்றுத் தடித்து, ஈரமாக இருந்தால் ஏற்ற நேரம். விடியற்காலையோ மாலை 5 மணிக்குப் பின்போ சேர்ப்பது நல்லது. விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே நில்லுங்கள். சேர்க்கை முடிந்தவுடன் ஆண் முயல் ஒரு சிறு ஒலியுடன் பக்கவாட்டில் சாய்ந்து விழும். அதுவே அடையாளம். இன்னொரு முறை சேரவிட்டுப் பெண்ணை அதன் கூண்டுக்குத் திருப்பிவிடுங்கள். 10 நிமிடத்துக்குள் சேராவிட்டாலும், பெண் மூலையில் ஒடுங்கினாலும், கடித்தாலும் உடனே எடுத்துவிட்டு மறுநாள் முயலுங்கள். இரவு முழுவதும் ஒன்றாக விட்டுவைத்தால் சண்டையில் கண்ணோ காதோ போகும். சேர்ந்த நாளும் தெரியாது.

ஓர் ஆண் முயலை வாரத்துக்கு 2 அல்லது 3 முறைக்கு மேல் பயன்படுத்த வேண்டாம்.

சேர்த்த 12 முதல் 14 நாட்களில், பழக்கமுள்ளவர்கள் அடிவயிற்றை மெல்லத் தடவிப் பார்த்தால், கோலிக்குண்டு போன்ற உருண்டைகள் விரலில் தட்டுப்படும். பழக்கமில்லாதவர்கள் அழுத்திப் பார்க்க வேண்டாம். முதல் சில முறை கால்நடை மருத்துவரிடமோ அனுபவம் உள்ளவரிடமோ கற்றுக்கொள்ளுங்கள். சினையா என்று அறிய மறுபடியும் ஆணிடம் விட்டுப் பார்ப்பது சிலரது வழக்கம். சினை முயலும் ஆணை ஏற்பதுண்டு, சினையில்லாததும் மறுப்பதுண்டு. எனவே அந்தச் சோதனையை நம்புவதற்கில்லை.

வெயிலும் ஆண் முயலும்

இனி, காரைக்கால் பகுதிக்கென்றே சொல்லவேண்டிய செய்தி. முயலுக்கு மனிதரைப் போல வியர்த்து உடலைக் குளிர்வித்துக்கொள்ள இயலாது. காதுகளின் வழியாகவும் மூச்சின் வழியாகவும்தான் வெப்பம் வெளியேற வேண்டும். காற்று 30 டிகிரி செல்சியசைத் தாண்டும்போதே அது திணறத் தொடங்கும். நம் ஊரில் மே, ஜூன் மாதப் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். கடற்காற்றின் ஈரமும் சேர்வதால் புழுக்கம் மிகும்.

வெயிலில் செத்துவிழும் முயல் நம் கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத இழப்பு ஆண் முயலின் விந்தில் ஏற்படுகிறது. சில நாட்கள் தொடர்ந்து கடும் வெப்பத்தில் இருந்த ஆணின் விந்தில் உயிரணுக்கள் குறைந்தும் வலுவிழந்தும் போகும். பார்வைக்கு அது நன்றாகத் தின்னும். பெண்ணுடன் சேரவும் செய்யும். ஆனால் சினை பிடிக்காது. ஓர் உயிரணு உருவாகி முதிர்வதற்கு ஏறக்குறைய 6 முதல் 7 வாரங்கள் ஆகும் என்பதால், வெயில் தணிந்த உடனே நிலைமை சீராவதில்லை. ஜூன் மாத வெயிலின் பாதிப்பு ஆகஸ்டு வரையிலும் நீடிக்கக்கூடும்.

இது தெரியாமல் ஏற்படும் நட்டம் பெரிது. ஆடி மாதத்தில் மூன்று பெண் முயல்களைச் சேர்த்து மூன்றும் சினை பிடிக்காவிட்டால், பெண் முயல்கள் மலடு என்று எண்ணி இறைச்சிக்கு விற்றுவிடுவோர் உண்டு. ஆணை விற்றுவிட்டு மலைப் பகுதியிலிருந்து புதிய ஆணை வாங்கிவருவோரும் உண்டு. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில், மத்திய செம்மறி ஆடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் உள்ளது. அங்கு ஒயிட் ஜெயன்ட், சோவியத் சிஞ்சில்லா ஆகிய முயல் இனங்களைப் பேணி வருகிறார்கள். இனம் நல்ல இனமே. ஆனால் அத்தகைய குளிர்ந்த மலைக்காற்றில் வளர்ந்த முயலைக் கோடையில் நம் கடற்கரைக்குக் கொண்டுவந்தால், அது நம் ஊர் முயலைக் காட்டிலும் அதிகமாகத் துன்புறும். மலை முயல் வாங்குவதாயின் கார்த்திகை முதல் தை வரையிலான மாதங்களில், இளங்குட்டிகளாக வாங்கி, அடுத்த கோடைக்கு முன் பழக்கிக்கொள்ளுங்கள்.

எனவே மூன்று செயல்களை நினைவில் வையுங்கள்.

முதலாவது, ஆண் முயலுக்கு வீட்டிலேயே குளிர்ந்த இடத்தைக் கொடுங்கள். கொட்டகையின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். தென்னங்கீற்றுக் கூரை சிறந்தது. தகரக் கூரையாயின் மேலே வைக்கோலையோ கீற்றையோ பரப்புங்கள். அடுக்குக் கூண்டாயின், கூரைக்கு அருகிலுள்ள மேல்தட்டு அதிகம் சுடும். ஆணைக் கீழ்த்தட்டில் வையுங்கள். நண்பகலில் கூரைமேல் தண்ணீர் தெளிக்கலாம். உறையவைத்த தண்ணீர்ப் புட்டியைக் கூண்டில் போட்டுவைத்தால் முயல் அதன்மேல் சாய்ந்து படுக்கும். குடிநீர் ஒரு வேளையும் தீர்ந்துபோகக்கூடாது. அடர்தீவனத்தை வெயில் தணிந்த பின் மாலையில் கொடுங்கள். வாயைத் திறந்து இரைக்கும் முயலின் காதுகளை ஈரத்துணியால் துடைத்து, நிழலுக்கு மாற்றுங்கள். தண்ணீருக்குள் முக்கிவிடக் கூடாது.

இரண்டாவது, அக்கினி நட்சத்திரத்தையொட்டிய மாதங்களில் சேர்க்கையை நிறுத்திவிடுங்கள். ஆவணி நடுவில் தொடங்கி மாசிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். கணக்கைப் பாருங்கள். சினைக்காலம் சராசரி 31 நாட்கள். செப்டம்பர் 1ஆம் நாள் சேர்த்த முயல் அக்டோபர் 2 அளவில் ஈனும். 5 வாரம் குட்டிகளுக்குப் பால் கொடுத்தபின் நவம்பர் 6இல் மறுபடி சேர்த்தால் டிசம்பர் 7 அளவில் ஈனும். அடுத்து ஜனவரி 11இல் சேர்த்தால் பிப்ரவரி 11 அளவில் மூன்றாவது ஈற்று. அக்குட்டிகள் மார்ச் நடுவில் தாயைப் பிரியும். இவ்வாறு உச்ச வெயிலுக்கு முன் மூன்று ஈற்றுகள் எடுத்துவிடலாம். ஈற்றுக்கு 5 குட்டிகள் தேறினாலும், 8 பெண்களிடமிருந்து 120 குட்டிகள். நான்காவது ஈற்றுக்கு ஆசைப்பட்டுச் சித்திரை வெயிலில் ஈனவிட்டால், தாயும் குட்டியும் சேர்ந்து வாடும்.

மூன்றாவது, கோடை முடிந்து 8 வாரம் ஆகும் முன் எந்த ஆணையும் பயனற்றது என்று ஒதுக்கிவிடாதீர்கள். செப்டம்பருக்குப் பின்னும், வெவ்வேறு பெண்களுடன் சேர்த்தும் சினை பிடிக்கவில்லையென்றால் மாற்றுவதைப் பற்றி எண்ணுங்கள்.

ஈனும் கூண்டு

சேர்த்த 26 அல்லது 27ஆம் நாள் ஈனும் பெட்டியைத் தாயின் கூண்டில் வையுங்கள். முன்னதாகவே வைத்தால் அதில் புழுக்கையிட்டு அசுத்தமாக்கிவிடும். முயல் உள்ளே திரும்பிப் படுக்கும் அளவுக்கு, ஏறத்தாழ 50 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரமுள்ள மரப்பெட்டி போதும். நுழைவாயிலில் 15 செ.மீ. உயரத்துக்குத் தடுப்பு இருந்தால் குட்டிகள் வெளியே விழா. அடியில் வடிதுளைகள் இட்டு, உலர்ந்த வைக்கோலையோ தேங்காய் நாரையோ பரப்புங்கள். தாய் தன் உரோமத்தைப் பிடுங்கி மேலே இட்டுக்கொள்ளும்.

ஈன்ற அன்று கைகளைக் கழுவிக்கொண்டு, செத்த குட்டிகள் இருந்தால் எடுத்துவிடுங்கள். வேடிக்கை பார்க்க வருவோரையும், பூனை நாய்களையும் அண்டவிடாதீர்கள். தாய் நாள் முழுவதும் பெட்டிக்கு வெளியே இருப்பதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். காட்டு முயலின் வழக்கப்படி அது நாளுக்கு ஒருமுறைதான் பால் கொடுக்கும். குட்டிகளின் வயிறு புடைத்திருந்தால் பால் போதுமென்று பொருள். குட்டிகள் 10 முதல் 12 நாளில் கண் திறக்கும். மூன்றாவது வாரத்தில் வெளியே வரும்.

சினை முயலுக்கும் பாலூட்டும் முயலுக்கும் நாளொன்றுக்கு 150 கிராம் அடர்தீவனமும், ஆணுக்கு 100 கிராமும் கொடுக்கலாம். வேலிமசால், முயல் மசால், அகத்தி, அருகம்புல் ஆகியவற்றை அறுத்தவுடன் ஈரத்தோடு போடாமல் வாடவைத்துப் போடுங்கள். பூச்சிமருந்து தெளித்த வயல் வரப்பின் புல்லைத் தவிர்க்க வேண்டும்.

குட்டிகளில் ஆண் பெண் பிரித்தல்

குட்டிகளைப் பிறந்த 30 முதல் 35 நாட்களுக்குள் தாயிடமிருந்து பிரிக்கலாம். அன்றே ஆண் எது, பெண் எது என்று பார்த்துக் குறித்துவையுங்கள். குட்டியை மல்லாத்திப் பிடித்து, பிறப்புறுப்பின் இருபுறமும் விரலால் மெல்ல அழுத்துங்கள். துளை வட்டமாகத் தோன்றி, சிறு குழாய் போன்று மேலெழும்பினால் அது ஆண். நீண்ட பிளவாகத் தோன்றினால் அது பெண். ஆணில் இத்துளைக்கும் ஆசனவாய்க்கும் இடைவெளி அதிகம். ஐயமிருந்தால் இரண்டு வாரம் கழித்து மறுபடியும் பாருங்கள். வாங்கும்போதும் விற்பவரின் சொல்லை மட்டும் நம்பாமல் நீங்களே பார்த்து வாங்குங்கள். இரண்டும் பெண் என்று வாங்கிவந்து, மூன்று மாதம் கழித்து எதிர்பாராமல் குட்டிகளைக் கண்டவர்கள் பலர்.

பிரித்த குட்டிகளை 4 அல்லது 5 ஆக ஒரே கூண்டில் வைக்கலாம். ஆனால் 3 மாத வயதுக்குள் ஆண்களையும் பெண்களையும் கட்டாயமாகப் பிரித்துவிட வேண்டும். தாமதித்தால் உடன்பிறந்தவை தமக்குள் சேர்ந்து, முழு வளர்ச்சி அடையாத பெண் குட்டிகள் சினையாகும்; அவற்றின் குட்டிகளும் வலுவற்றுப் பிறக்கும். ஆண் குட்டிகள் சண்டையிடத் தொடங்கும்போது அவற்றைத் தனித்தனியாக்கவோ விற்றுவிடவோ வேண்டும். இறைச்சிக்கு வளர்ப்பவர்கள் 3 மாதத்தில், ஏறத்தாழ 2 கிலோ எடையில் விற்றுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

இனவிருத்திக்கு நிறுத்தும் பெண் குட்டியை அதன் தந்தையோடு சேர்க்காதீர்கள். பக்கத்து ஊரில் முயல் வளர்ப்பவரோடு ஆணை மாற்றிக்கொள்வது செலவில்லாத வழி. ஆனால் வந்த ஆணை 3 வாரம் தனி இடத்தில் வைத்து, சொறி, மூக்கொழுகல், கழிச்சல் இல்லையென்று கண்டபிறகே உங்கள் கொட்டகையில் சேருங்கள்.

காட்டு முயலைப் பிடித்து வளர்த்துச் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. நம் வயல்வெளிகளில் ஓடும் முயல் வேறு இனம். வீட்டு முயலுடன் அது இனம் பெருக்காது. மேலும் அதைப் பிடிப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

புயல், வெள்ளக் காலத்தில்

சேர்க்கைக்கு ஏற்ற மாதங்களே நம் பகுதியின் மழை மாதங்களுமாகும். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது காரைக்கால் பகுதியும் பாதிக்கப்பட்டது. அதுபோன்ற நேரத்தில் எல்லா முயல்களையும் ஒரே அறையிலோ ஒரே பெட்டியிலோ போட்டுவிடுவது இயல்பு. ஓரிரவு போதும், எந்தப் பெண் எந்த ஆணுடன் சேர்ந்தது என்று தெரியாமல் போகும், சினை முயல்கள் கடிபட்டுக் குட்டி வீசும். ஆகவே ஐப்பசி பிறக்கும் முன்பே ஆண் முயல் ஒவ்வொன்றுக்கும் மூடியுள்ள ஒரு கூடையை ஒதுக்கி வையுங்கள். இடம் மாற்றும்போது ஆண்களை முதலில் தனித்தனிக் கூடையில் அடைத்துவிட்டு, பின்னர் மற்றவற்றை எடுங்கள். கூண்டுகளைத் தரையிலிருந்து 3 அடி உயரத்தில் வைத்திருந்தால், சாதாரண மழைவெள்ளத்துக்கு மாற்றவேண்டிய தேவையே எழாது.

கினி எலி வளர்ப்போருக்கு

பிள்ளைகளின் விருப்பத்துக்காகக் கினி எலியை வாங்கி முயலோடு சேர்த்து விட்டுவைக்கும் வீடுகளும் உள்ளன. இது தவறு. முயலின் மூக்கில் தீங்கின்றித் தங்கியிருக்கும் பார்டெடெல்லா என்னும் நுண்ணுயிர், கினி எலிக்கு நுரையீரல் நோயை உண்டாக்கிக் கொல்லக்கூடும். முயல் உதைத்தும் காயப்படுத்தும். முயல் தீவனம் மட்டும் தின்னும் கினி எலிக்கு வைட்டமின் சி பற்றாக்குறையும் ஏற்படும். தன் உடலில் அதைத் தயாரித்துக்கொள்ள அதனால் இயலாது. கொத்தமல்லித்தழை, கொய்யாப்பழத் துண்டு முதலியவற்றை நாள்தோறும் கொடுக்க வேண்டும்.

ஆண் பெண் சேர்ந்து வாழ்வதில் கினி எலி முயலுக்கு நேர்மாறானது. அதைப் பெருமளவில் இறைச்சிக்கு வளர்க்கும் பெரு நாட்டு உழவர்கள், தரையில் கட்டிய தொட்டிகளில் ஓர் ஆணையும் 7 முதல் 10 பெண்களையும் ஒன்றாகவே வைக்கிறார்கள். அங்கும் ஒரு தொட்டிக்கு ஓர் ஆண்தான். இரண்டு இருந்தால் சண்டை. ஆனால் ஈன்ற சில மணி நேரத்திலேயே பெண் மறுபடி சினை பிடிக்கும் என்பதால், தாயின் நலம் கருதினால் ஈனும் முன்பே ஆணைப் பிரித்துவிடுவது நல்லது. சினைக்காலம் 59 முதல் 72 நாட்கள். பெண் குட்டி 4 முதல் 6 வாரத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். எனவே ஆண் குட்டிகளை 3 வாரத்திலேயே தாயிடமிருந்தும் உடன்பிறந்த பெண்களிடமிருந்தும் பிரிக்க வேண்டும். இன்னொரு முக்கியச் செய்தி: 6, 7 மாத வயதுக்குள் முதல் ஈற்றை ஈனாத பெண்ணின் இடுப்பெலும்பு இணைப்பு இறுகிவிடும். அதன்பின் முதன்முறை சினையானால் ஈன முடியாமல் இறக்க நேரிடும். அத்தகைய பெண்ணை ஒருபோதும் ஆணுடன் வைக்க வேண்டாம்.

முயலுக்கும் கினி எலிக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்றுண்டு. பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் குடலிலுள்ள நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அழிந்து, சில நாட்களில் உயிர் போகும். கடித்த காயத்துக்கு வீட்டிலிருக்கும் மாத்திரையைக் கரைத்துக் கொடுக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரு குறிப்பேடு போதும்

ஒவ்வொரு கூண்டிலும் ஓர் அட்டையைத் தொங்கவிடுங்கள். முயலின் எண், பிறந்த நாள், சேர்த்த நாள், சேர்த்த ஆணின் எண், பெட்டி வைக்கவேண்டிய நாள், ஈன்ற நாள், பிழைத்த குட்டிகள் ஆகியவற்றை அதில் எழுதுங்கள். ஓராண்டு எழுதிவந்தால், எந்த ஆணால் சினை பிடிக்கிறது, எந்தத் தாய் குட்டிகளைக் காப்பாற்றுகிறது என்பது தானே தெரிந்துவிடும். விற்கவேண்டியது எது, நிறுத்தவேண்டியது எது என்பதை அந்த அட்டையைப் பார்த்து முடிவு செய்யலாம்.

தீவனப் பயிர்கள் குறித்தும் பயிற்சி குறித்தும் மேலும் அறிய விரும்புவோர் காரைக்கால் மாதூரிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும், நோய்கள் குறித்து அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தையும் அணுகலாம். கூண்டு வாங்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. இப்போது முயல் வைத்திருப்பவர்கள், இந்த மாதமே ஆணுக்கென்று ஒரு தனிக் கூண்டையும் நிழலான ஓர் இடத்தையும் ஒதுக்கிவிடுங்கள். செலவு சிறிது; அடுத்த ஈற்றிலேயே அதன் பயனைக் குட்டிகளின் எண்ணிக்கையில் காண்பீர்கள்.